முதல் வரிக்கு மேலே

அலுவலகத்தில் அவனுக்குத் ‘தேடல்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும்.

கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறவர்களுக்கான மென்பொருள் ஒன்றைத் தயாரித்து விற்கிற கம்பெனி அது. பத்திரிகைக்காரர்கள், டைப்பிங் சென்டர்கள், சின்னச் சின்ன அலுவலகங்கள் என்று வாங்கியவர்கள் பலர். எழுதியதற்குள் ஒரு சொல்லைத் தேடினால் அது எங்கே இருக்கிறது என்று மஞ்சள் பூசிக் காட்டுமே, அந்தப் பகுதி அவனுடையது. வேலைக்குச் சேர்ந்த அன்று அதைக் கொடுத்தார்கள். அவனோடு சேர்ந்தவர்கள் வேறு பகுதிக்கு மாறினார்கள், வேறு கம்பெனிக்குத் தாவினார்கள். அவன் மட்டும் தேடலிலேயே வேர் விட்டுவிட்டான்.

“தேடலைக் காணோமே, எங்கப்பா?”

“நல்லாத் தேடிப் பாரு. இங்கதான் எங்கயாவது ஒளிஞ்சிருப்பான்.”

இந்த ஜோக்குக்கு எல்லோரும் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். ஆனாலும் தினம் யாராவது ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை. அவனும் மரியாதைக்கு உதட்டை இழுப்பான்.

அவன் நாற்காலி சுவரோரம், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால். வெளியே வரவேண்டுமென்றால் இரண்டு பேர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூசி, மதியம் வரைக்கும் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டான். அப்படிப்பட்ட ஆள்.

மனைவி வேறு ஊரில் நர்ஸ். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை நிரந்தரமானதும் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். கம்பெனிக்கும் அந்த ஊரில் ஒரு கிளை இருந்தது. “நீங்களும் மாத்திக்கிட்டு வந்துடுங்க, பாப்பா ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவனும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கொஞ்ச நாளைக்குத்தானே என்று அக்கா வீட்டுக்குப் பெட்டியோடு வந்தான்.

பெட்டி அங்கேயே தங்கிவிட்டது.

அக்கா வீடு நாலாவது மாடி. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறை. ஹாலில் அவனுக்கு மடக்குக் கட்டில். கட்டிலை விரித்தால் அலமாரிக் கதவு திறக்காது. சட்டையோ அந்த அலமாரிக்குள். ஆகவே காலையில் முதலில் தன் படுக்கையை மடக்கினால்தான் தன் சட்டை கிடைக்கும். தூக்கம் கலையாத கையோடு கட்டிலின் ஸ்பிரிங்கில் விரலை நசுக்கிக்கொள்வது வழக்கமாகிப் போனது.

அக்காவின் கணவரை அத்தான் என்று கூப்பிடுவான். லிப்ட் மெக்கானிக். ஆள் வாட்டசாட்டம், குரலும் அப்படியே. நல்ல மனிதர்தான். அவரிடம் ஒரே ஒரு கோளாறு: வீட்டில் எது காணாமல் போனாலும் தேடித் தர முதல் ஆளாக ஓடி வருவார். வந்து, காணாமல் போன சாமான் மேலேயே நிற்பார். சாவி தொலைந்தால் சாவியை மிதித்துக்கொண்டு, “இங்க இல்லியே” என்பார். கண்ணாடியைத் தேடும்போது அதன்மேல் உட்கார்ந்தும் இருக்கிறார்.

“தம்பி, உங்க அத்தானை எந்திரிச்சு அந்தப் பக்கம் போகச் சொல்லு. துண்டு அவருக்குக் கீழதான் இருக்கு” என்பாள் அக்கா.

“மாப்ள, எனக்குத் தெரியும், நான் எந்திரிக்கத்தான் போறேன்னு உங்க அக்காகிட்ட சொல்லு” என்பார் அத்தான்.

இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஹாலில் இடத்தை அடைக்கிறது என்று, அக்காவின் தையல் மெஷினை அத்தான் அவளைக் கேட்காமல் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். “மூலையில சும்மாத்தானே கிடந்துச்சு” என்று அவர் சொன்னதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அவருக்கென்று ஒரு சொல் கிளம்பவில்லை. அந்தச் சமயம் பார்த்துத் தம்பி வந்து சேர்ந்தானா, இருவருக்கும் வசதியாகப் போயிற்று. சாப்பாட்டு மேசையில் அவனை நடுவில் உட்கார வைத்தார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட அவன் வழியாகத்தான் போக வேண்டும்.

“நீ போயிட்டா இந்த வீட்டுல நான் சுவத்தோடதான் பேசணும்” என்று அக்கா சமையலறையில் கண்ணைத் துடைப்பாள். அதைக் கேட்ட பிறகு டிரான்ஸ்பர் பேச்சை எடுக்க அவனுக்கு நா எழாது.

ஆனால் அலுவலகத்தில் கேட்டாயிற்று. மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தும் ஆயிற்று. மேனேஜர் தேன் ஒழுகப் பேசுகிறவர்.

“நீ போறதுக்கு நான் குறுக்க நிப்பேனாப்பா? குடும்பம் முக்கியம். கையில இருக்கிற அந்த ஒரே ஒரு பக்கை மட்டும் முடிச்சுக் குடு. முடிச்ச அன்னிக்கே கையெழுத்து.”

பிழைகளை அங்கே ‘பக்’ என்பார்கள். அந்த ஒரே ஒரு பக் இதுதான்: தேட வேண்டிய சொல்லை அடிப்பதற்கான பட்டை, அதாவது சர்ச் பார், திரையில் பக்கத்தின் மேலே வலது மூலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தேடிய சொல் அந்த மூலையிலேயே இருந்துவிட்டால் பட்டை அதை மூடிவிடும். கண்டுபிடித்தேன் என்று மென்பொருள் சொல்லும், எங்கே என்று தெரியாது. அத்தான் சாவி மேல் நிற்கிற அதே கதைதான்.

இதைப் பற்றி விடாமல் போன் செய்தவர் ஒரு டைப்பிங் சென்டர் நடத்துகிற அம்மா.

“தம்பி, உங்க சாமான் பொய் சொல்லுது.”

“என்னம்மா ஆச்சு?”

“மூணு இடத்துல இருக்குன்னு சொல்லுது. ரெண்டுதான் என் கண்ணுக்குத் தெரியுது. ஒண்ணை நீங்க எடுத்து வச்சுக்கிட்டீங்களா?”

அவரிடம் வருகிற சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் வருடா வருடம் ஒரே கடிதம்தான். பழைய கடிதத்தைத் திறந்து, பழைய வருடத்தைத் தேடி, புதிதாக மாற்றி அச்செடுத்துக் கொடுப்பார். எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றுகிற வசதி இருக்கிறதே என்று அவன் கேட்டபோது, “அய்யோ, அது வேணாம் தம்பி. ஒருதடவை செஞ்சு, சங்கம் ஆரம்பிச்ச வருஷமும் சேர்ந்து மாறிப்போச்சு. நேத்துப் பிறந்த சங்கம்னு ஆக்கிட்டேன்” என்றார். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் மாற்றுவார். நம் கடிதங்களில் ஊரும் தேதியும் எங்கே இருக்கும்? முதல் வரியில், வலது மூலையில். பட்டைக்கு நேர் கீழே. உள்ளே இருந்த வருடங்கள் எல்லாம் மாறின, தலையில் இருந்த தேதி மட்டும் மாறாமல் கடிதம் போய்ச் சேர்ந்தது.

“வாங்கிப் பாத்தவர் என்ன கேட்டாரு தெரியுமா? இது ஒரு வருஷமா தபால்ல நடந்து வந்துச்சான்னு கேட்டாரு. நான் எங்க மூஞ்சிய வச்சுக்கிறது?”

அவன் பட்டையைத் திரையின் அடியில் கொண்டுபோய் வைத்தான். மேனேஜர் பார்த்துவிட்டு, “எல்லாரும் மேல பாத்துப் பழகினவங்கப்பா. சர்ச் பாரைக் காணோம்னு நாளைக்கே போன் வரும். சர்ச் பாரைத் தேட இன்னொரு சர்ச் பார் செய்வியா?” என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பட்டையை ஊடுருவித் தெரிகிற மாதிரி மெல்லிசாக்கினான். பட்டையின் எழுத்தும் பக்கத்தின் எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நல்ல கண் உள்ளவனுக்கும் கண்ணாடி தேவைப்பட்டது. அதை அவனே வேண்டாம் என்று எடுத்துவிட்டான்.

பட்டைக்கென்று மேலே தனி வரிசை ஒதுக்கி, பக்கம் முழுவதையும் கீழே தள்ளினான். பட்டையைத் திறக்கும் போதெல்லாம் பக்கம் தொப்பென்று இறங்கியது, மூடும்போது துள்ளி ஏறியது. “ஏன்பா இது தவளை மாதிரி குதிக்குது? எனக்குத் தலை சுத்துது” என்றார் மேனேஜர்.

பிறகு வேறு விதமாக யோசித்தான். பட்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கண்டுபிடித்த சொல் அதற்குக் கீழே மாட்டிக்கொண்டால் மட்டும், பக்கத்தை அந்தச் சொல் வெளியே தெரிகிற அளவுக்கு இறக்கலாம். இது அழகாக வேலை செய்தது. நடுப்பக்கம், கடைசிப் பக்கம், எங்கே தேடினாலும் சொல் பணிவாக விலகி வந்து முகம் காட்டியது. ஒரே ஓர் இடத்தைத் தவிர.

முதல் வரி மட்டும் அசையவில்லை. மற்ற வரிகளை இறக்கினால் அவற்றுக்கு மேலே இருக்கிற வரிகள் அந்த இடத்துக்கு வரும். முதல் வரிக்கு மேலே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததால் அது நகர முடியாது. மேலே பட்டை, கீழே மற்ற எல்லா வரிகளும், நடுவில் அது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து போய் முகம் கழுவலாம் என்று தோன்றியது. இரண்டு நாற்காலிகளையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான்.

அன்று மாலை மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். அக்கா வீட்டு பால்கனியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று பேசினான்.

“இங்க உங்க கிளையில அந்த வேலை இன்னும் காலியாத்தான் இருக்காம். இங்க இருக்கிற உங்க ஆபீஸ்ல ஒருத்தங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாங்க, அவங்க சொன்னாங்க. ஆனா ரொம்ப நாள் காலியா வச்சிருக்க மாட்டாங்களாம். ஸ்கூல் திறந்ததும் வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்.”

“முடிச்சுடுவேன். ஒரே ஒரு வரிதான் பாக்கி.”

“இதையே எத்தனை தடவை சொல்லுவீங்க?” கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு, வரைந்த படம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள்.

“அப்பா, தெரியுதா?”

“தெரியுதும்மா. ரொம்ப நல்லா இருக்கு.”

“அப்ப மேல மூலையில என்ன வரைஞ்சிருக்கேன், சொல்லு.”

மேல் மூலையில் அவன் முகம்தான் தெரிந்தது. போனில் பேசும்போது நம் முகத்தையே ஒரு சின்னக் கட்டத்தில் காட்டுமே, அந்தக் கட்டம் சரியாகப் படத்தின் மூலையை மறைத்துக்கொண்டு நின்றது.

“சூரியன்” என்றான் குத்துமதிப்பாக.

“இல்ல, தப்பு! அது நீ. மாடியில நின்னு எங்களைப் பாக்கிறே.”

கட்டத்தை விரலால் ஓரமாகத் தள்ளிப் பார்ப்பதற்குள் அவள் படத்தைக் கீழே இறக்கிவிட்டாள்.

மறுநாள் முதல் வரிக்கு மேலே கொஞ்சம் வெற்றிடம் போட்டான். எப்போதும் இல்லை. தேடிய சொல் முதல் வரியில் பட்டைக்கு அடியில் சிக்கினால் மட்டும் பக்கத்தின் தலைக்கு மேலே ஒரு பட்டை அளவு காலி இடம் உண்டாகும், வரி மெதுவாகக் கீழே இறங்கும், தேதி மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். பட்டையை மூடினால் காலி இடம் சத்தமில்லாமல் மறையும். அச்செடுத்தால் தாளில் அதற்குச் சுவடே இருக்காது. குதிப்பு இல்லை, மறைப்பு இல்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். சின்ன ஜன்னல், பெரிய ஜன்னல், பெரிய எழுத்து, ஒரே வரி மட்டும் இருக்கிற பக்கம், எல்லாவற்றிலும் நின்றது.

மேனேஜரிடம் காட்டினான். அவர் தேடினார், மூடினார், மறுபடி தேடினார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று அவர் கண் அலைவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நல்லாத்தான் இருக்கு” என்று இழுத்தார். “ஆனா இப்பவே வெளிய விட வேணாம். அடுத்த வெர்ஷனோட சேத்துப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் இந்த பக் முடியாததா உன் பேர்லயே திறந்து இருக்கட்டும்.”

“அடுத்த வெர்ஷன் எப்ப சார்?”

“வரும்ப்பா. நான் எங்கயாவது ஓடியா போறேன்? நீயும் எங்க போகப் போறே?”

தன் நாற்காலிக்குத் திரும்பி வந்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. இத்தனை நாளாகப் பிழை என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருந்தது பிழை இல்லை, தாழ்ப்பாள். திருத்தத் திருத்த அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் இருப்பார். அவருக்கும் அவனைவிட்டால் தேடலுக்கு ஆள் இல்லை. கோபம் வந்தது. வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மேசை டிராயரைத் திறந்தான், மூடினான்.

அப்போது போன் அடித்தது.

“தம்பி, நான்தான். இன்னிக்கும் ஒரு கடிதம் பழைய தேதியோட போக இருந்துச்சு. நல்ல வேளை, நானே பாத்துட்டேன்.”

புதிதாகச் செய்ததை வெளியே விடுமுன் ஓரிரு வாடிக்கையாளர்களிடம் கொடுத்துச் சோதிப்பது அங்கே நடைமுறைதான். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவனோ எதையும் கேட்காமல் செய்து பழக்கமில்லாதவன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அம்மா, சோதிச்சுப் பாக்க ஒண்ணு அனுப்பறேன். போட்டுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்றீங்களா?” என்றான்.

அடுத்த நாளே கூப்பிட்டுவிட்டார். “அய்யோ தம்பி! தேதி தானா இறங்கி வந்து நிக்குது, கூப்பிட்ட மருமகன் மாதிரி! இப்ப மூணுன்னா மூணு. தெருவுல இருக்கிற மத்த டைப்பிங் சென்டர்க்காரங்களையும் கூட்டிட்டு வந்து காட்டிட்டேன். எல்லாரும் எங்களுக்கும் வேணும்னு நிக்கிறாங்க. குறை சொல்லணும்னா உங்களுக்குப் போன் பண்றேன். நல்லா இருக்குன்னு சொல்ல யாருக்குப் பண்ணணும்?”

அவன் வாயைத் திறந்தான். பரவாயில்லைம்மா என்று சொல்லத்தான் திறந்தான். அது அவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற சொல்.

“எங்க மேனேஜருக்குப் பண்ணுங்கம்மா” என்று வந்தது. “நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க.”

அந்த அம்மா குறை சொல்வதில் எப்படி விடாப்பிடியோ பாராட்டுவதிலும் அப்படியே. தெருவிலிருந்த மற்றவர்களையும் போன் செய்ய வைத்தார். புது வெர்ஷன் வரைக்கும் எங்களால் காத்திருக்க முடியாது என்று எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். இருந்த வெர்ஷனிலேயே அதைச் சேர்த்து வெளியிட வேண்டியதாயிற்று. திருத்தம் வெளியே போய்விட்ட பிழையை உள்ளே திறந்து வைத்திருக்க யாராலும் முடியாது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, “அங்க போயும் தேடலை நீதான் பாத்துக்கணும், தெரியும்ல?” என்றார்.

“தெரியும் சார்.”

வெளியே வர, இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டார்கள். “தேடல் கிடைச்சுட்டான்டா, இனிமே தொலைஞ்சுடுவான்” என்றான் ஒருவன். அன்று அவனும் நிஜமாகவே சிரித்தான்.

வீட்டில் சொன்னபோது அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. கிளம்பும் நாள் காலையில் மடக்குக் கட்டிலைக் கடைசியாக மடக்கினான். விரல் நசுங்கியது. மேசையில் மூன்று தட்டுகள் வைத்திருந்தாள். நடு நாற்காலி அவனுக்குத்தான்.

“தம்பி, உங்க அத்தானுக்கு இன்னொரு முட்டை வேணுமான்னு கேளு.”

அவன் கேட்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து பால்கனிப் பக்கம் போய் நின்று சாப்பிட்டான். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அத்தான் எழுந்து போய்த் தானே முட்டையை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டை இப்படியே விட்டுவிட்டுப் போகிறோமே என்று அவனுக்கு ஒருகணம் தோன்றியது.

பெட்டியை எடுத்தான். செருப்பைத் தேடினான், காணவில்லை.

“இரு மாப்ள, நான் தேடித் தர்றேன்!” அத்தான் ஓடி வந்து வாசல் நிலையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றார். குனிந்து இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். “இங்க இல்லியே. ராத்திரி வெளிய விட்டியா? எவனாவது தூக்கிட்டானா?”

செருப்பின் வார் அவர் குதிகாலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. அவனுக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள். சொல்லு என்றது அந்தப் பார்வை. அவன் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் வழி திறந்துவிடும். அவன் சொல்லவில்லை. கீழே யாரோ லிப்ட் கதவை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

“நகந்து நில்லுங்க” என்றாள் அக்கா. “செருப்பு மேலதான் நிக்கிறீங்க. அவன் போகணும்.”

அத்தான் நிமிர்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். தம்பியைப் பார்த்தார், அவன் வாயே திறக்கவில்லை.

“இப்ப... என்கிட்டயா சொன்னே?”

“பின்னே, சுவத்துக்கிட்டயா?”

அவர் ஒரு காலைத் தூக்கினார். அந்தக் கால் எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சம் அந்தரத்தில் நின்றது. “அந்த மெஷினு...” என்று ஆரம்பித்தார்.

“அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப நகருங்க.”

அவர் நகர்ந்தார். முழுக்க இல்லை, அவரால் முடிந்த அளவு. அவன் செருப்பில் கால் நுழைத்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்து, அவருடைய வயிற்றுக்கும் கதவு நிலைக்கும் இடையில் இருந்த இடத்தில் பக்கவாட்டாகப் புகுந்து வெளியே வந்தான்.